மூன்றாவது மெழுகுவர்த்தி

22 டிசம்பர் 2023, வெள்ளி. டோனாவூர்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வெள்ளத்தில் மூன்று நாளாகத் தொடர்பு கிடைக்காமல் இருந்த அத்தையின் போனிலிருந்து புதன்கிழமை ராத்திரி அழைப்பு வந்தது. எங்கேயோ போய்ச் சார்ஜ் ஏற்றியிருக்கிறாள். நலம் விசாரிக்கக்கூட விடவில்லை.

"உயிரோட இருக்கோம், கோழிதான் போச்சு. நீ ரெண்டு வருஷமா பண்டிகைக்கு வரல, அதை நான் கேக்கல. இப்பவும் பண்டிகைக்குக் கூப்பிடல. கோயிலைக் கழுவ ஆள் வேணும், அதுக்குக் கூப்பிடுதேன்."

வைத்துவிட்டாள். கோயில் என்றால் எங்கள் ஊர்ச் சர்ச்.

நேற்று ராத்திரி கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். மனைவி நர்ஸ். 24 ராத்திரி அவளுக்கு டியூட்டி என்பதால் தனியாகத்தான் வந்தேன். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர் நின்றது. அந்த ஈரச் செருப்பையே போட்டுக்கொண்டு இன்னொரு வெள்ளத்தைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறேன்.

போகாமல் இருந்த இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போனார். 11 நாள் ஆஸ்பத்திரி. 11 நாளும் ஜெபம் பண்ணினேன். கடைசியில் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அதற்காக நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன், காணிக்கை போடுகிறேன், திருவிருந்து எடுக்கிறேன். சந்தோஷம் மட்டும் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. ஒரு கம்பி கழன்ற குடை மாதிரி. விரித்தால் விரியும், ஒரு பக்கம் தொங்கும். கிறிஸ்துமஸ் அன்று நட்சத்திரம் போட்ட படத்தை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

காலையில் திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்தில் இறங்கியபோது வெயில் பளிச்சென்று அடித்தது. ஐந்து நாளுக்கு முன்பு டிவியில் பார்த்த ஊரா இது என்று இருந்தது. சுலோசன முதலியார் பாலத்தில் நின்று பார்த்தேன். தாமிரபரணி செம்பழுப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. கரை மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே சேலைத் துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றிக் கிடக்கின்றன. பக்கத்தில் நின்ற பெரியவர், "92-ல வந்ததுதான் பெருசுன்னு இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தோம், இனிமே இதைச் சொல்லணும்" என்றார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு, அதில் இருந்த சுமார் 800 பேரையும் மீட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. திருச்செந்தூர் ரயில் பாதை அந்தரத்தில் தொங்குகிறது, ஜல்லியும் மண்ணும் அடியோடு போய்விட்டன.

பாளையங்கோட்டையில் எனக்கு ஓர் அண்ணாச்சி உண்டு. கல்லூரியில் எனக்கு மூன்று வருஷம் சீனியர். "ரோடு இன்னைக்கு நம்பிப் போற மாதிரி இல்ல. நாளைக்குப் போ. நான் ஒரு வேலையா டோனாவூர் போறேன், சும்மா இருக்காம வா" என்று காரில் ஏற்றிக்கொண்டார்.

மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்தில் வர வரக் காற்று மாறியது. டோனாவூர் என்றால் ஏமி கார்மைக்கேல் அம்மையார், அங்கே குழந்தைகள் இல்லம் நடத்திய மிஷனரி. 1895-ல் அயர்லாந்திலிருந்து இந்தியா வந்தவர், 1951-ல் இறக்கும்வரை ஊருக்குத் திரும்பவே இல்லை. 1901-ல் பெருங்குளத்து இந்துக் கோயில் தேவதாசிகள் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்த 7 வயதுச் சிறுமி ஒருத்திதான் அவரிடம் வந்து சேர்ந்த முதல் குழந்தை. பிறகு நூற்றுக்கணக்கில் வந்தார்கள். 1931-ல் ஒரு குழிக்குள் தவறி விழுந்து கால் முறிந்ததிலிருந்து கடைசி இருபது வருஷம் பெரும்பாலும் கட்டிலோடுதான். தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் இருக்கிறது. இன்று அதில் மழைத்தண்ணீரும் நாலு சருகும் மிதந்தன.

எனக்குப் பிடித்தது வேறு ஒரு விஷயம். அங்கே வந்த குழந்தைகள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் அந்த வீட்டில் பிறந்த நாளுக்குப் பதிலாக 'வந்த நாள்' கொண்டாடினார்கள். நீ எப்போது பிறந்தாய் என்பது எங்களுக்குத் தெரியாது, எங்களிடம் வந்தது எப்போது என்பது தெரியும், அந்த நாளில் பூ வைத்துக் கொண்டாடுவோம் என்கிற கணக்கு.

டிசம்பர் 25 என்று பைபிளில் எங்கே போட்டிருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் வழக்கமாக முழிப்பேன். இனிமேல் முழிக்க வேண்டாம் என்று தோன்றியது. அதுவும் ஒரு வந்த நாள்தான்.

ராத்திரி பாளையங்கோட்டை. அண்ணாச்சி வீட்டில் தோசை. அக்கா முந்திரிக்கொத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தார். வறுத்த பாசிப்பயறு, தேங்காய், கருப்பட்டிப் பாகு, கொஞ்சம் ஏலக்காய், சுக்கு. உருண்டை பிடித்து, மூன்று மூன்றாக அரிசி மாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் போட வேண்டும். ஒட்டாமல் பிரிந்துவிட்டால் அதைச் சுட்டவர் தின்றுவிடலாம் என்பது சட்டம். இன்று நிறையப் பிரிந்தது.

23 டிசம்பர், சனி. பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் ஊர்

பஸ் பதினொரு மணிக்குத்தான் என்றார்கள். காலையில் இரண்டு கோயில்களைப் பார்க்க நேரம் கிடைத்தது.

முருகன்குறிச்சியில் ஊசிக்கோபுரம். ரேனியஸ் ஐயர் (பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்) 1826-ல் கட்டியது. அப்பா இங்கே பள்ளிப் படிப்புக்கு வந்தபோதுதான் பாடகர் குழுவில் சேர்ந்தாராம். பேஸ் பாடுவார். பேஸ் பாடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் தெரியும். குளிக்கும்போதும் சைக்கிள் துடைக்கும்போதும் அந்தக் கீழ்ச்சுரத்தை மட்டுமே முனகிக்கொண்டிருப்பார்கள், அது எந்தப் பாட்டு என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். டிசம்பர் முழுக்க அப்பா "ம்ம்... ம்ம்ம்..." என்று வீட்டுக்குள் நடப்பார். "எருமை கத்துது, தண்ணி காட்டுங்க" என்பாள் அம்மா.

அடுத்தது பாப்பாத்தி அம்மாள் கோயில். குளோரிந்தா என்ற பெயரில் 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வாங்கிய மராட்டியப் பிராமண விதவை கட்டியது, 1785-ல் பிரதிஷ்டை ஆனது. உடன்கட்டையிலிருந்து காப்பாற்றிய ஆங்கிலேய அதிகாரியோடு அவர் வாழ்ந்து வந்ததால், ஞானஸ்நானம் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டார்கள். அந்த ஆள் இறந்த பிறகுதான் கொடுத்தார்கள். 1780-ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் மொத்தம் 40 பெயர், முதல் பெயர் அவருடையது. இன்றைக்குத் திருநெல்வேலியில் இத்தனை கோபுரம், இத்தனை பள்ளிக்கூடம், இத்தனை சபைச் சண்டை எல்லாம் இருக்கிறதே, அதெல்லாம் தொடங்கிய இடம் இந்தச் சின்னக் கட்டடம். ஞானஸ்நானம் கிடையாது என்று ஒரு காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட பெண் தன் கைக்காசில் ஒரு கோயிலைக் கட்டியிருக்கிறார். வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, "எந்த ஊரு?" என்றார். நாசரேத் பக்கம் என்றதும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "வீடு இருக்கா?" என்று கேட்டார். வெள்ளம் வந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்தில் நலம் விசாரிப்பது என்றால் அதுதான்.

ஸ்ரீவைகுண்டம் வழி வேண்டாம் என்று மூலைக்கரைப்பட்டி, சாத்தான்குளம் சுற்றிப் போனோம். சாத்தான்குளத்தில் பஸ் நின்றபோது முதலூர் மஸ்கோத் அல்வா அரைக் கிலோ வாங்கினேன். தேங்காய்ப்பாலில் கிண்டுகிற அல்வா, பார்க்க மங்கலான கண்ணாடி மாதிரி இருக்கும். வெள்ளம் வந்த ஊருக்கு அல்வாவா என்று வெட்கமாகத்தான் இருந்தது. அரிசியும் மெழுகுவர்த்தியும் மூட்டையில் தனியாக இருந்தன என்று சமாதானம் செய்துகொண்டேன்.

தேரிக்காட்டுச் செம்மண்ணும் பனையும் தாண்டி நாசரேத்தில் இறங்கும்போது மூன்று மணி. அங்கிருந்து ஊருக்கு ஒரு லோடு ஆட்டோ. ரோட்டின் இரண்டு பக்கமும் வாழைத் தோட்டங்கள் ஒரே திசையில் சாய்ந்து படுத்திருந்தன, யாரோ சீப்பால் வாரிவிட்டது மாதிரி. நெல் வயல்மேல் மணல் மேடு. குளம் உடைந்த இடத்தில் ரோடே இல்லை. மண்மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள், அதன்மேல் ஏறி இறங்கினோம். ஆட்டோக்காரர் தம்பி தன் வீட்டில் ஒரு சுவர் போய்விட்டது என்பதை மழை அளவு சொல்வதுபோல் சொன்னார்.

அத்தை வாசலில் நின்றிருந்தாள். 74 வயது. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள். கையில் வாளி.

"வந்துட்டியா மக்களே. சாப்பிட்டுட்டு வா, கோயிலுக்குப் போவோம்" என்றவள், அல்வாப் பொட்டலத்தைப் பார்த்ததும், "இதை ஏம்ல வாங்குன?" என்று பிடுங்கி உள்ளே கொண்டுபோய் மேல் அலமாரியில் பத்திரமாக வைத்தாள்.

24 டிசம்பர், ஞாயிறு

காலையில் ஜெபம் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் நடந்தது. அப்புறம் எல்லோரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினோம்.

உள்ளே பெஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. சுவரில் பென்சிலால் கோடு போட்டது மாதிரி அதன் அடையாளம். தரையில் மூன்று விரல் கனத்துக்கு வண்டல். மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் களியாக இருக்கும், மண்வெட்டி போட்டால் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். ஒரு பாம்பு, இரண்டு கெண்டை, எண்ண முடியாத நத்தைகள். பாமாலைப் புத்தகங்களும் வேதாகமங்களும் ஊதிப்போய் ரொட்டி மாதிரி ஆகிவிட்டன. வாலிபர் சங்கத்துப் பெண்பிள்ளைகள் அவற்றைக் கயிற்றில் கவிழ்த்துத் தொங்கவிட்டார்கள். துணிக்கு மாட்டுகிற கிளிப்பு.

அந்த 17-ஆம் தேதி ராத்திரி சனங்களை எல்லாம் பள்ளிக்கூட மாடியில்தான் ஏற்றியிருக்கிறார்கள். இந்த வீடு, அந்த வீடு என்ற பேதம் இல்லை, சாமி கும்பிடுகிற இந்துக்கள், கோயிலுக்கு வருகிற கிறிஸ்தவர்கள், எல்லோரும். ஐயர் சாவியைக் கொடுத்ததோடு ஆடுகளையும் ஏற்றச் சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்பில் 23 ஆடு. "பள்ளிக்கூடத்துக்குள்ள ஆடான்னு ஹெட்மாஸ்டர் கேட்டாரு. பெத்லகேம்ல மட்டும் என்ன நடந்துச்சுன்னு கேட்டேன்" என்று ஐயர் என்னிடம் சொன்னார். மத்தியானத்துக்குள் இன்னும் நாலு பேரிடம் அதே வார்த்தையில் சொன்னார். நாலு பேரும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தார்கள். ஆறு நாளாகத் தூங்காத மனுஷன், சொல்லிவிட்டுப் போகட்டும்.

சுவரில் பாட்டு எண் பலகை அப்படியே மாட்டியிருந்தது. 17-ஆம் தேதி ஆராதனையில் பாடிய நாலு பாட்டின் எண்கள். அன்று காலை கோயில் முடிந்து வெளியே வரும்போதே மழை பிடித்துவிட்டது, ராத்திரிக்குள் குளம் உடைந்தது என்று அத்தை சொன்னாள். யாருக்கும் அந்த எண்களைக் கழற்றத் தோன்றவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

ஆல்டர், அதாவது பீடத்துப் பக்கத்தைக் கழுவும்போது மேஜைக்கு அடியில் என் கையில் ஏதோ தட்டுப்பட்டது. மண்ணைத் தேய்த்துப் பார்த்தால் மெழுகுவர்த்தி. ரோஜா நிறம். பாதி எரிந்தது.

அட்வெந்து வளையத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் வாரத்துக்கு ஒன்றாக நாலு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நம்பிக்கை, சமாதானம், சந்தோஷம், அன்பு என்று எங்கள் பக்கத்தில் பெயர் சொல்வார்கள். மூன்று ஊதா நிறம், மூன்றாவது மட்டும் ரோஜா நிறம். நடுவில் ஒரு வெள்ளை, அதைப் பண்டிகையன்றுதான் ஏற்ற வேண்டும். எங்கள் சின்னக் கோயிலுக்கு இந்த வழக்கம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் இருக்கும். கொண்டுவந்தது அப்பா, பாளையங்கோட்டையில் பார்த்துவிட்டு வந்து.

மூன்றாவது ஞாயிறு 17-ஆம் தேதி. சந்தோஷத்துக்கான மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போன ராத்திரிதான் ஊருக்குள் தண்ணீர் வந்தது.

களிமண்ணில் உட்கார்ந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. என் கணக்கில் எப்போதும் ஒரு வரிசை இருந்தது. முதலில் கஷ்டம் தீர வேண்டும், பிறகு சந்தோஷம் வரும். அப்பா பிழைத்திருந்தால் சந்தோஷம். இந்தத் திரி எரிந்து முடியக்கூட வெள்ளம் காத்திருக்கவில்லை. அத்தை எட்டிப் பார்த்து, "அது நல்லாத்தான் இருக்கு, கழுவி வெயில்ல வை" என்றாள். மற்ற மூன்றும் நடுவில் வைக்கிற வெள்ளையும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் குடில். அத்தை வருஷா வருஷம் பரணிலிருந்து இறக்குகிற மண் பொம்மைகள், ஒரு மேய்ப்பனுக்கு 1998-லிருந்து கை இல்லை. வைக்கோல் ஒரு சாக்கு தனியாகப் பரணிலேயே கிடந்ததால் நனையவில்லை. அதைப் பிரிக்கும்போது எதிர்வீட்டு அக்கா வந்து வாசலில் நின்றாள். அவர்கள் வீட்டு வைக்கோல் படப்பு முழுக்க ஆற்றோடு போய்விட்டது. பசு மூன்று நாளாக வாழை மட்டையைத் தின்று கழிகிறது. அவள் கேட்கவில்லை, சாக்கைப் பார்த்தாள், அவ்வளவுதான். அத்தை சாக்கை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். "பொம்மை வைக்கோல் திங்காது."

ஆக இந்த வருஷம் குழந்தை இயேசு எங்கள் வீட்டில் வெறும் பலகையில் படுத்திருக்கிறார். ராத்திரி எட்டு மணிக்கு எதிர்வீட்டுப் பிள்ளை ஒரு சொம்பில் பால் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடியது.

கரண்ட் பக்கத்துத் தெரு வரை வந்துவிட்டது, எங்கள் தெருவுக்கு வரவில்லை. போனில் 9 சதவீதம். அதை மனைவிக்காக வைத்திருக்கிறேன்.

25 டிசம்பர், திங்கள்

மூன்றரைக்கு மணி அடித்தது. நாலரைக்கு ஆராதனை. புதுத்துணி யாரிடமும் இல்லை. இருந்தவர்களும் உடுத்தவில்லை. அத்தை வெள்ளைச் சேலை ஒன்றைத் துவைத்து, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்து இஸ்திரி போட்டிருந்தாள். வாசலில் நின்று ஒரு முறை தன்னைப் பார்த்துக்கொண்டாள், சரி என்று நடந்தாள்.

வழியில் பார்த்தால் சில வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கியது. பிள்ளைகள் பனை ஓலையில் முடைந்தது. உள்ளே பல்பு இல்லாமல் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்தால் ஒரு நொடி தெரியும், பிறகு இருட்டு.

கோயிலில் ஈர வாசனை போகவில்லை. பினாயில், களிமண், மெழுகு. அரிக்கேன் விளக்கு இரண்டு. நடுவில் வைக்க வெள்ளை மெழுகுவர்த்தி இல்லாததால் நான் கொண்டுவந்த மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன். ஐயர் அதை வாங்கி ஜன்னலில் வெளிச்சத்துக்கு வைத்துவிட்டு, நேற்று வெயிலில் காய்ந்த ரோஜா நிறத்தை எடுத்து நடுவில் நிறுத்தினார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதில் திரி படபடவென்று பொரிந்தது, தாளிக்கிற மாதிரி. முன்வரிசைப் பிள்ளைகள் கிளுகிளுத்தார்கள். பிறகு பிடித்துக்கொண்டது.

ஐயர் லூக்கா இரண்டாம் அதிகாரத்தைப் பக்கத்தில் ஒரு பையன் டார்ச் பிடிக்க வாசித்தார். எனக்கு மனப்பாடமான பகுதி. ஐந்து வயதில் மேய்ப்பனாக நடித்த நாளிலிருந்து கேட்கிறேன். மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி என்ற இடம் வரும்போது வழக்கமாக எனக்குள்ளே ஒரு கதவு சாத்திக்கொள்ளும். இன்று அதற்கு முந்தின சொல்லிலேயே நின்றுவிட்டேன். "பயப்படாதிருங்கள்." தேவதூதன் அதைத்தான் முதலில் சொல்கிறான். பயந்து நடுங்கியவர்களிடம் சொல்கிறான். ராத்திரி டியூட்டி பார்க்கிறவர்களிடம். சந்தோஷம் என்ற சொல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. என் மனைவி இந்த நேரம் மூன்றாவது வார்டில் யாருக்கோ டிரிப் மாற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

கதையின் கடைசியையும் கவனித்தேன். மேய்ப்பர்கள் குழந்தையைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். அதே ஆடு, அதே குளிர், அதே ரோமச் சர்க்கார், அதே குடிமதிப்பு. ஒன்றும் மாறவில்லை. ஆனால் தேவனைத் துதித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஐயரின் பிரசங்கம் ஐந்து நிமிஷம்தான். ஆட்டுக் கதையை மறுபடியும் சொன்னார்.

அதற்குப் பிறகு பாட்டு. புத்தகம் எல்லாம் கயிற்றில் தொங்குகிறது. வாலிபர்கள் போனில் பார்த்துப் பாடிப் பழகியவர்கள், போன்களில் உயிர் இல்லை. ஆர்மோனியப் பெட்டி வீங்கிக் கிடக்கிறது. கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது பின்வரிசையிலிருந்து அத்தை எடுத்தாள், கட்டைக் குரலில், சுருதி கொஞ்சம் தள்ளி. பக்கத்தில் இருந்த கிழவிகள் சேர்ந்துகொண்டார்கள். முதல் சரணம் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில் இளசுகள் கழன்றுகொண்டார்கள். மூன்றாவதில் எங்கள் வயதுக்காரர்கள் முழித்தோம். கிழவிகள் நிற்கவே இல்லை. நாலு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆச்சி ஆறாவது சரணத்துக்கு மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளம் தொட முடியாத ஒரு பாமாலைப் புத்தகம் அந்தப் பின்வரிசையில் இருந்திருக்கிறது.

எனக்குச் சொல் தெரியவில்லை. சும்மா நிற்கவும் முடியவில்லை. வாயைத் திறந்தேன், மெட்டு வரவில்லை. வேறு ஏதோ வந்தது. கீழே, நெஞ்சுக்குள்ளிருந்து, ம்ம்... ம்ம்ம் என்று.

இரண்டு வரி போன பிறகுதான் அது என்ன என்று எனக்குப் பிடிபட்டது. நான் பேஸ் பாடக் கற்றுக்கொண்டதே இல்லை. ஒருநாளும் யாரும் சொல்லித் தரவில்லை. சைக்கிள் துடைக்கும்போது அவர் முனகியது அத்தனையும், எந்த இடத்தில் இறங்குவது, எந்த இடத்தில் இழுப்பது என்பது உட்பட, உள்ளே கிடந்திருக்கிறது. தனியாகக் கேட்டால் எருமை. கிழவிகளின் மெட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தபோது அது பாட்டாக இருந்தது.

அத்தை பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். நிறுத்தவில்லை. கையை மட்டும், இன்னும் சத்தமாக என்பது மாதிரி ஆட்டினாள்.

கண்ணைத் துடைக்காமலே பாடினேன். அப்பாவை நினைத்து அழுத அழுகைதான் அது. ஆனால் இரண்டு வருஷமாக அழுததோடு இதைச் சேர்க்க முடியாது. துக்கம் அப்படியே இருந்தது, ஒரு படி குறையவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்றும் உட்கார இடம் இருந்தது. சந்தோஷம் வேண்டுமென்றால் துக்கம் எழுந்து போக வேண்டும் என்று இத்தனை நாள் நான்தான் இருவரையும் சண்டைக்கு விட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

திருவிருந்துக்கு முழங்காலிட்டபோது தரை சில்லென்றிருந்தது. பேன்ட் இரண்டு முட்டியிலும் வட்டமாக நனைந்தது.

வெளியே வந்தால் விடிந்துவிட்டது. ஒருவரை ஒருவர் கையைப் பிடித்து "ஸ்தோத்திரம்", "ஹேப்பி கிறிஸ்துமஸ்". பள்ளிக்கூட முற்றத்தில் பெரிய வட்டாவில் சமையல். வந்து சேர்ந்த நிவாரண அரிசி, யாரோ கொடுத்த இரண்டு ஆடு. அந்த 23-இல் இரண்டா என்று நான் கேட்கவில்லை. ஊர் முழுக்கச் சாப்பிட்டது. எதிர்வீட்டு அக்கா பூண்டு உரித்தாள். வழக்கமாகப் பண்டிகைக்கு நாங்கள்தான் தட்டில் முறுக்கும் அதிரசமும் வைத்து அவர்கள் வீட்டுக்குக் கொடுத்து விடுவோம். இந்தத் தடவை அத்தை அல்வாவை மேல் அலமாரியிலிருந்து இறக்கி, கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, தெருவில் வீட்டுக்கு ஒரு துண்டு என்று கொண்டுபோனாள். அரைக் கிலோ 31 வீட்டுக்கு வந்தது. எனக்கு வரவில்லை.

மத்தியானம் பக்கத்துத் தெருவில் போனைச் சார்ஜ் போட்டு மனைவிக்கு அடித்தேன். டியூட்டி முடிந்து தூங்கப் போகிறவள், குரல் கரகரத்தது. "பாட்டுப் பாடினேன்" என்றேன். "நீங்களா?" என்றாள். பாடிக் காட்டச் சொன்னாள். பேஸ் மட்டும் பாடிக் காட்டினேன். "இது என்ன பாட்டு?" என்று கேட்டாள்.

26 டிசம்பர், செவ்வாய்

ராத்திரி பஸ். அதனால் மத்தியானமே நாசரேத்துக்குக் கிளம்ப வேண்டும். காலையில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. ஓலை நட்சத்திரங்களுக்குள் பிள்ளைகள் பல்பு வைத்தார்கள். பட்டப் பகலில் எரிகிறது, யாரும் அணைக்கவில்லை.

கிளம்புமுன் அத்தை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "பாட்டு நம்பரை மாத்திட்டுப் போ. 31 ஞாயித்துக்கிழமை வருதுல்லா. எனக்கு ஸ்டூல்ல ஏற முடியல."

ஏறினேன். 17-ஆம் தேதியின் எண்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அட்டைகள் ஈரத்தில் ஒட்டியிருந்தன, நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது. அத்தை கீழே நின்று ஐயர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைப் பார்த்து எண் சொன்னாள். பெட்டியில் 6 இல்லை. வெள்ளத்தில் போயிருக்கும்.

"ஒம்பதைத் தலைகீழா மாட்டு" என்றாள். மாட்டினேன். கொஞ்சம் கோணலாக நின்றது. இறங்கிவந்து பார்த்தேன். "பரவால்ல, தெரியுது. வா, பஸ் போயிரும்."